புல்லட்டின் ரலான்தி

என்னிடம் இருப்பது 1989 மாடல் புல்லட் 350. புதுச்சேரியில் அரசு எழுத்தராக இருந்தபோது வாகனக் கடன் போட்டு வாங்கியது. அதிலுள்ள மிக்கார்ப் விஎம் 24 கார்புரேட்டரை இதுநாள்வரை நானேதான் ட்யூன் செய்து வருகிறேன். இப்போது வயது எழுபத்தைந்தை நெருங்குகிறது. வலது காது ஏறக்குறைய போய்விட்டது. இடது காதும் பாதிதான். காதால் செய்துவந்த வேலையை இனி எதை வைத்துச் செய்வது என்ற கவலை சில மாதங்களாகவே இருந்தது.

வண்டி மக்கர் செய்தால் பலரும் நேரே கார்புரேட்டரில் கை வைக்கிறார்கள். அது கடைசி வேலை. டாப்பெட், பாயிண்ட் இடைவெளி, ப்ளக், ஏர் ஃபில்டர் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே காற்று கசியக் கூடாது. இவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் ஸ்க்ரூவை எத்தனை தரம் திருகினாலும் பயனில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வேலை உண்டு. கார்புரேட்டரிலும் அப்படித்தான். ஆக்ஸிலேட்டரைத் திருகாதபோது பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் பொறுப்பு. கால்வாசி முதல் முக்கால்வாசி வரை ஊசி. முழுசாகத் திருகினால் மெயின் ஜெட். ஓட்டத்தில் வரும் குறைக்கு ஏர் ஸ்க்ரூவைத் திருகுவது, ஓய்வூதிய மனுவை நில அளவைப் பிரிவில் கொடுப்பதற்குச் சமம்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே ஆரம்பிக்க வேண்டும். ஏர் ஸ்க்ரூவை அழுத்தாமல் முழுக்க உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பேன். பிறகு கால் கால் சுற்றாகத் திருப்பிப் பார்ப்பேன். இந்த வகையில் உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் காற்று கூடும். எஞ்சின் வேகம் எந்த இடத்தில் உச்சத்துக்கு வருகிறதோ அங்கே நிறுத்திவிட்டு, ஸ்லோ ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நான் படித்த பிரெஞ்சில் இந்த நிதான ஓட்டத்துக்கு 'ரலான்தி' என்று பெயர். வேகம் குறைக்கப்பட்டது என்று பொருள். ஓய்வு பெற்றவனுக்கும் பொருந்தும் சொல்தான்.

அந்த உச்சத்தைத்தான் இப்போது என் காது பிடிப்பதில்லை. அதனால் உள்ளங்கையைப் பழக்கினேன். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, சைலன்சர் முனையிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டுவேன். காற்று சீராக வந்து மோத வேண்டும். ஒரு அடி விட்டுப்போனால் கைக்கு உடனே தெரிகிறது.

அடுத்தது கண். ஸ்பார்க் ப்ளக்கைப் பிரெஞ்சுக்காரர்கள் 'பூஜி' என்பார்கள்; மெழுகுவர்த்திக்கும் அதே பெயர்தான். ஓட்டி வந்து கழற்றினால் அதன் முனை காப்பிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், எஞ்சின் கொதிக்கும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் போட ஆரம்பித்த பிறகு என் ப்ளக் வெளுத்தது. ஒரு கிராம் பெட்ரோல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராம் போதும். பழைய ஜெட் பழைய அளவையே விடுவதால் காற்று மிஞ்சிவிடுகிறது. ஊசியின் க்ளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கிப் போட்டேன். ஊசி அந்த அளவு உயர்ந்து பெட்ரோல் கூடியது. நிறமும் திரும்பியது. எத்தனாலுக்குப் பழைய ரப்பர் ஆகாது. பெட்ரோல் குழாயையும் மாற்றிவிடுங்கள்.

ஆனாலும் உள்ளங்கை சொல்வது சரிதானா என்ற சந்தேகம் மட்டும் தீரவில்லை. போன மாதம் பேத்தியைப் பக்கத்தில் நிறுத்தி, "சத்தம் எப்போ உசந்து நிக்குதோ அப்போ சொல்லும்மா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் ஒரு கை சைலன்சர் பக்கமும் ஒரு கை ஸ்க்ரூவிலுமாகத் திருப்ப முடியாது என்பதால், அவள் அப்பா ஸ்க்ரூவைத் திருப்பினான். "இப்ப தாத்தா!" என்று அவள் கத்தியது எனக்குப் பாதிதான் கேட்டது. ஆனால் என் கை அதற்கு ஒரு நொடி முன்பே உயர்ந்திருந்தது.

அடுத்த முறை ஸ்க்ரூவை அவளே திருப்பட்டும். சைலன்சர் பக்கம் நான் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.