பீலி சூடிய திருமுடி

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், கேம்ப் ரோடு நிறுத்தத்தில் இறங்கிச் சிறிது தொலைவு உள்ளே நடந்தால் சேலையூர் ஸ்கந்தாஸ்ரமத்தை அடையலாம். சத்குரு சாந்தானந்த சுவாமிகளின் அருளால் உருவான இத்தலத்தில், அன்னை புவனேஸ்வரியும் தந்தைக்கு உபதேசித்த சுவாமிநாதனும் எழுந்தருளியிருக்கின்றனர்.

ஆவணிக் கிருத்திகையன்று பேரனுடன் தரிசனத்திற்குச் சென்றிருந்தேன். கிருத்திகையை அடுத்து வருவது ரோகிணி. மருகனின் நாளும் மாமனின் நாளும் அருகருகே அமைந்தவை. மறுநாள் கண்ணன் வேடமிடுவதற்காக வழியில் வாங்கிய மயிற்பீலி குழந்தையின் கையில் இருந்தது. சந்நிதியில் மயில் வாகனத்தைக் கண்டதும் அவன், “தாத்தா, இதைப் பிடுங்கும்போது மயிலுக்கு வலித்திருக்குமா?” என்று கேட்டான். எனக்கு உடனே விடை கூற இயலவில்லை.

மயிற்பீலி நம் மரபில் வெறும் அலங்காரமன்று. முருகனை எதிர்த்த சூரபத்மனின் ஆணவம் அடங்கி மயிலாகி, அவன் திருவடியைத் தாங்கிற்று. அதனால்தான் காவடியின் இருபுறமும் பீலி கட்டுகிறோம். மாயவனோ அதனைத் திருமுடியிலேயே ஏற்றுக்கொண்டான். பழநி மலைப்பகுதியை ஆண்ட வள்ளல் பேகன், குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்த வரலாற்றையும் நாம் அறிவோம்.

இறகுக்காக உயிர் பறித்த காலமும் உண்டு. ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்பு வரை, மேலைநாட்டுச் சீமாட்டிகளின் தொப்பிகளில் வெண்கொக்கின் இறகு செல்வத்தின் அடையாளமாய் விளங்கியது. இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே தோன்றும் அம்மெல்லிய தூவிக்காகக் கூடுகளிலேயே தாய்ப்பறவைகளைச் சுட்டனர். குஞ்சுகள் பசியால் மடிந்தன. இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி 1902-இல் தடுக்கப்பட்டது. பிரிட்டனும் 1921-இல் இறக்குமதியைத் தடைசெய்தது. இன்று சேலையூர் ஏரியோரம் அச்சமின்றி நிற்கும் கொக்குகளைக் காணும்போது இவ்வரலாறு நினைவுக்கு வருகிறது.

மயிலுக்கு அத்தகைய துன்பம் நேரத் தேவையே இல்லை. ஆண் மயில், இனப்பெருக்கக் காலம் முடிந்ததும், ஆண்டுதோறும் தோகையைத் தானே உதிர்த்துவிட்டுப் புதிதாய் வளர்த்துக்கொள்கிறது. 1963-இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயிலைக் கொல்வது, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தானாக உதிர்ந்த பீலிக்கே விலக்கு உண்டு. அத்தகைய பீலியின் அடிமுனை கூம்பித் தூய்மையாக இருக்கும். பிடுங்கியதில் குருதிக் கறை காணப்படும். அடி வெட்டப்பட்டிருந்தால் உண்மையை அறிவது கடினம்.

வீடு திரும்பியதும் கண்ணாடி அணிந்து, வாங்கிய பீலியைப் பார்த்தேன். அடி வெட்டப்பட்டிருந்தது. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவ்வாறு பார்த்ததில்லையே என்று மனம் வருந்தியது.

பூஜை அறையில், சுவாமி படத்தின் பின்னே, என் மகன் சிறுவயதில் சூடிய பீலி இருந்தது. நிறம் சற்றும் மங்கவில்லை. மறுநாள் பேரன் அதையே சூடினான். அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் அப்படியொரு பீலி இருக்கக்கூடும். இறைவன் திருமுடிக்கு அதுவே போதும். புதிதாக ஒன்று வேண்டியதில்லை.