ஆறாவது சிப்பி

பழைய கொற்கைத் துறைமுகத்தை வைத்து ட்வைனில் (2009-ல் க்றிஸ் க்ளிமாஸ் தந்த இலவச மென்பொருள்) ஒரு 'க்ளிக்' கதை பண்ணினேன். நிஜக் கொற்கையைக் கடல் எப்போதோ கைவிட்டுவிட்டது. கதையில் இன்னும் முத்துக் குளிக்கிறார்கள். 5 சிப்பிகள். எதைத் தொட்டாலும் 'ஆறாவது சிப்பி காலி' என்றது. வைத்ததே ஐந்துதான்! 'போங்காட்டம் தாத்தா' என்று பேத்தி எழுந்து போய்விட்டாள்.

ராத்திரிதான் புரிந்தது. லூப்புக்குள் எழுதும் லிங்க், எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வதில்லை. நீங்கள் தொடும்போதுதான் போய்ப் பார்க்கிறது. அதற்குள் லூப் ஐந்தைத் தாண்டி ஆறில் நிற்கிறது. ட்வைனின் ஷுகர்க்யூபில் லிங்க்கைச் சுற்றி 'காப்ச்சர்' போட்டால் ஒவ்வொன்றும் தன் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். (ஜாவாஸ்க்ரிப்ட்காரர்களுக்கு 2015-ல் வந்த 'லெட்'.)

காலையில் பேத்தியைத் தாஜா பண்ணி உட்கார வைத்தேன். மூன்றாவதைத் தொட்டாள். முத்து!

'நேத்து ஏன் வரலை?' என்றாள், சந்தேகமாக.