மண்ணெண்ணெயும் வெண்கட்டியும்

2022 ஜனவரி கடைசியில் மாலிக் என்ற புயல் டென்மார்க்கைக் கடந்து போனது. அந்த இரவு, ஒடென்சேயில் எங்கள் வீட்டு வாசலில் பக்கத் தாங்கியில் நின்ற என் மோட்டார் சைக்கிளைக் காற்று வலப்பக்கமாகத் தள்ளி விழுத்திவிட்டது. பழைய ஹொண்டா, 500 சீசீ, இரட்டைச் சிலிண்டர். விழுந்த இடத்தில் நடைபாதை ஓரத்துக் கருங்கல். அந்தக் கல்லின் விளிம்பு கிளச் மூடியிலேயே இடித்திருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் கல்லின்மேல் எஞ்சின் எண்ணெய் தடித்துப்போய்க் கிடந்தது.

மோட்டார் சைக்கிள் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். எஞ்சினின் உடம்பு அலுமினிய வார்ப்பு. அதன் இரண்டு பக்கங்களிலும் சட்டி மாதிரி மூடிகளைப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். என் வண்டியில் வலப்பக்க மூடிக்குள் கிளச் சுழலும், எண்ணெய் எந்நேரமும் தெறித்துக்கொண்டிருக்கும். மூடி வெடித்தால் எண்ணெய் வெளியே வரும். வெளியே வந்த எண்ணெய் பின் ரயரில் பட்டால் அடுத்த வளைவில் ஓட்டுபவர் நிலத்தில் கிடப்பார். ஆகவே இது அழகு பற்றிய பிரச்சினை இல்லை.

எனக்கு முதலில் வந்த யோசனை, பாவித்த மூடி ஒன்றை வாங்கிப் போடுவது. சில நூறு குறோனருக்குக் கிடைக்கும். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "வாங்கலாம். ஆனா முதல்ல வடிவாப் பார், பிள்ளை" என்றார்.

அப்பா இளமையில் சுன்னாகத்தில் ஒரு கராஜில் வேலை செய்தவர். 1990 இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபோதும் அங்கேதான் இருந்தார். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை, மின்சாரமும் இல்லை. சயிக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட கதையை உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின கதையையும் கேட்டிருப்பீர்கள். எப்படி ஓடின என்று கேட்டிருக்கிறீர்களா? குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து ஸ்ரார்ட் பண்ணி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தெரு முழுக்கப் புகை. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக வழிந்து எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதைத் தண்ணீர் மாதிரி ஆக்கிவிடும். உள்ளே எல்லாம் வேகமாகத் தேயும். அப்பாவின் கராஜில் அந்த வருடங்களில் வேலைக்குக் குறைவில்லை, பாகங்களுக்குத்தான் குறைவு.

1992 இல் அப்பாவும் அம்மாவும் டென்மார்க்குக்கு வந்தார்கள். ஒடென்சே இருக்கும் ஃபூன் தீவு கண்ணாடிக் கூடாரத் தோட்டங்களுக்குப் பெயர்போன இடம். அப்பா 26 வருடம் பூச்செடிகளோடு வேலை செய்தார். இங்கே ஒரு கராஜுக்குள்ளும் அவர் வேலைக்குப் போகவில்லை.

மூடியைக் கழற்றும் வேலையை நான் செய்தேன். கழற்றும் முன் ஒரு காட்போட் மட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றக் கழற்ற மட்டையில் அதே இடத்தில் குத்தி வைத்தேன். போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. குட்டையான துளையில் நீள போல்ட்டைப் போட்டு இறுக்கினால் அடியில் இருக்கும் வார்ப்பும் வெடிக்கும்.

பிறகு உடைந்த துண்டுகளைத் தேடினோம். இதை யாரும் அவசரப்பட்டுத் தாண்டக்கூடாது. அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. எஞ்சினுக்குள் விழுந்த துண்டு காந்தத்தில் ஒட்டி வராது, பல்சக்கரங்களுக்கு நடுவே அகப்பட்டால் பெரிய செலவு வைக்கும். இரண்டு துண்டுகள் கிடைத்தன. அவற்றை ஓட்டையில் பொருத்திப் பார்த்தோம், கடுகளவு இடைவெளி இல்லாமல் பொருந்தின. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கண்ணுக்குத் தெரிந்தது ஒரு சின்ன ஓட்டையும் அதிலிருந்து போன நாலு சென்ரிமீற்றர் கீறலும். அப்பா மண்ணெண்ணெய் வாங்கி வரச் சொன்னார். டேனிஷ் கடையில் மண்ணெண்ணெய்க்குப் பெயர் பெட்றோலியம். போத்தலைத் திறந்து மணந்து பார்த்து, "இதிலை மணமே இல்லை" என்று கொஞ்சம் ஏமாந்துபோனார். மூடியைச் சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவிக் காயவைத்து, கீறல் பக்கம் மண்ணெண்ணெய் பூசி, கால் மணி நேரம் விட்டார். துணியால் நன்றாகத் துடைத்தார். வெண்கட்டியைச் சுரண்டி அந்தத் தூளை மேலே தூவினார். விரலால் மூடியை இரண்டு தட்டுத் தட்டினார். கீறலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் வெளியே ஊறி வந்து வெள்ளைத் தூளில் ஒரு சாம்பல் கோடாக எழுந்தது. கோடு நாலு சென்ரிமீற்றர் இல்லை, ஏழு. கடைசியில் ஒரு போல்ட் துளையை நோக்கி வளைந்து போயிருந்தது.

இந்தச் சோதனையை நான் பொறியியல் முதுமாணிப் படிப்பில் படித்திருக்கிறேன். திரவ ஊடுருவல் சோதனை என்று பெயர். இப்போது சிவப்புச் சாயமோ, புறவூதா விளக்கில் ஒளிரும் சாயமோ பூசுவார்கள், விமானப் பாகங்களையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். இதன் மூதாதை, ரயில் பட்டறைகளில் எண்ணெயும் சுண்ணத் தூளும் கொண்டு அச்சுகளில் வெடிப்புத் தேடிய முறை. அப்பாவிடம், நீங்கள் இதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன்.

"பெயரோ? வெடிப்புப் பாக்கிறது" என்றார்.

கோட்டின் நுனிக்கும் போல்ட் துளைக்கும் நடுவே எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்தேன். ஒன்பது. துளைக்குள் போயிருந்தால் எறிந்துவிட்டு வேறு வாங்கு என்று அப்பா சொல்லியிருந்தார், எனக்கும் அதே எண்ணம். போல்ட் இறுக்கும் இடத்தில்தான் மூடியின் முழு இழுவையும் விழும், அங்கே ஒட்டு நிற்காது. ஒன்பது மில்லிமீற்றர் மிச்சம் இருந்ததால் வேலையைத் தொடர்ந்தோம்.

வெடிப்பை நிறுத்த, அதன் நுனியில் ஒரு துளை போடவேண்டும். கேட்க விசர்க்கதை மாதிரி இருக்கும், வெடித்த சாமானில் இன்னொரு ஓட்டையா என்று. வெடிப்பின் நுனி ஊசி மாதிரிக் கூர்மையானது. இழுவை எல்லாம் அந்த நுனியில் குவியும். 1913 இல் சார்ள்ஸ் இங்லிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்: நுனி எவ்வளவு கூராக இருக்கிறதோ அவ்வளவுக்கு அங்கே தகைப்பு ஏறும். கூர் நுனியை வட்டத் துளையாக மாற்றினால் இழுவை பரவிவிடும். நுனி எங்கே என்று சரியாகத் தெரிந்தால் மட்டும்தான் இது பலிக்கும். கண்ணை நம்பி நாலாவது சென்ரிமீற்றரில் துளை போட்டிருந்தால் வெடிப்பு அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தன் பாட்டில் போயிருக்கும்.

அடுத்தது, வெல்டிங்கா எப்பொக்சியா? ஒடென்சேயில் வெல்டிங்குக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. நகருக்கு வடகிழக்கே முங்கபோவில் லிண்டோ கப்பல் கட்டும் தளம் இருந்தது. எம்மா மேர்ஸ்க் என்ற பிரமாண்டமான கப்பல் 2006 இல் அங்கே கட்டப்பட்டது. கப்பல் தகடுகளை வெல்ட் பண்ண ரோபோக்களைப் பழக்கினார்கள். அந்த அறிவிலிருந்து பல்கலைக்கழகத்தில் ரோபோ ஆய்வு வளர்ந்தது. தளம் 2012 இல் மூடப்பட்டது, ஆனால் ஒடென்சே இன்று ரோபோ நகரம். அதெல்லாம் இரும்பு. அலுமினியம் வேறு சாதி. அலுமினியம் 660 பாகையில் உருகும். அதன் மேல் எப்போதும் இருக்கும் ஒக்சைட்டுத் தோல் உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். தோல் உருகும் முன் உள்ளே இருப்பது ஒழுகிப்போய்விடும். மின்னோட்டத்தை முன்னும் பின்னுமாக மாற்றி அந்தத் தோலை உடைக்கும் ரிக் வெல்டிங் இயந்திரமும், பழகிய கையும் வேண்டும். எங்களிடம் இரண்டும் இல்லை. தவிர, பழைய வார்ப்பு பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடித்திருக்கும், சூடு பட்டதும் அது கொதித்து ஒட்டைக் கெடுக்கும்.

எங்கள் மூடி எண்ணெயைத் தடுத்தால் போதும், பாரம் தாங்கத் தேவையில்லை. எஞ்சின் எண்ணெய் ஏறக்குறைய 100 பாகைச் சூட்டில் இருக்கும். உலோகத் தூள் கலந்த நல்ல எப்பொக்சி அதைத் தாங்கும். ஆகவே எப்பொக்சி.

வேலையில் முக்கால்வாசி துப்புரவாக்குவதுதான். சூடான காற்று அடித்தால் வார்ப்புக்குள் இருக்கும் எண்ணெய் வியர்வை மாதிரி வெளியே வரும். துடைத்து, அசற்றோன் போட்டுத் துடைத்து, மறுபடி சூடாக்கி, மறுபடி துடைத்து, துணியில் கறை வராதவரை. யன்னலைத் திறந்து வையுங்கள். அசற்றோன் இருக்கும் இடத்தில் சூட்டுக் கருவி வேண்டாம், ஒன்று முடிந்து காய்ந்த பிறகே மற்றது. குளோரின் கலந்த பிறேக் கிளீனர் போட்ட உலோகத்தை ஒருபோதும் வெல்டிங் சூட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். சில வண்டிகளின் மூடி அலுமினியமே இல்லை, மக்னீசியம். ஒரு துளி வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்கினால் மக்னீசியம். அதன் தூள் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாக எரியும். அதை வீட்டில் அராவ வேண்டாம்.

வெடிப்பின் மேல் ஒரு வாய்க்கால் மாதிரி அராவி, சுற்றிவர 80 ஆம் இலக்க அரத்தாளால் சுரண்டி, துண்டுகளை இடத்தில் வைத்து, உள்பக்கம் மெல்லிய அலுமினிய வலைத் துண்டு ஒன்றையும் சேர்த்து எப்பொக்சியைப் பூசினோம். வலை கிளச்சில் முட்டுமா என்று முன்னரே களிமண் வைத்து இடைவெளி பார்த்திருந்தேன். வெளியே கராஜில் மூன்று பாகைக் குளிர். அந்தக் குளிரில் எப்பொக்சி இறுகாது. அதனால் மூடி இரண்டு நாள் எங்கள் குசினியில், ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த இரண்டு நாளும் அவர் சமைத்தது வெளிக் கதவைத் திறந்துவைத்துத்தான்.

காத்திருந்த நேரத்தில், அந்தக் காலத்தில் நீங்கள் எல்லாவற்றையும் திருத்தினீர்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். பாராட்டாகத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"திருத்தினது எண்டு சொல்லாதை. ஓட வைச்சனாங்கள். ஒரு பெடியனுக்கு முறிஞ்ச பிறேக் மிதியை ஒட்டிக் குடுத்தன். நிக்காது எண்டு எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும் எண்டான். அவன் திரும்பி வந்து வண்டியைக் காட்டும் வரைக்கும் எனக்கு நித்திரை இல்லை. புதுசு வாங்க வழி இருந்தா நானே வாங்கிக் குடுத்திருப்பன்."

தடைக்கால யாழ்ப்பாணத்தின் கெட்டித்தனத்தைப் பற்றி நாங்கள் இங்கே விழாக்களில் பெருமையாகப் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். அந்தக் கெட்டித்தனத்துக்குள் இப்படி நித்திரையில்லாத இரவுகளும் இருந்ததை யாரும் மேடையில் சொல்லி நான் கேட்கவில்லை.

எப்பொக்சி இறுகியதும் மூடியைக் கவிழ்த்துச் சட்டி மாதிரி வைத்து, ஒட்டிய இடம் மூழ்கும்வரை மண்ணெண்ணெய் ஊற்றி, அடியில் பத்திரிகைத் தாள் விரித்து ஓர் இரவு விட்டோம். மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயைவிட மெல்லியது. எண்ணெய் ஒழுகாத இடத்திலும் அது ஒழுகும். காலையில் தாள் காய்ந்தபடி இருந்தது. மூடியின் விளிம்பைத் தட்டைக் கண்ணாடியில் வைத்து ஆடுகிறதா என்று பார்த்து, புதிய கஸ்கட் போட்டு, போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஆறு மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன்மீற்றர் போதும். எண்ணெய் விட்டு, முங்கபோ வரை போய்த் திரும்பி, அடியில் மட்டை ஒன்றை வைத்தேன். ஒரு துளியும் விழவில்லை.

ஒட்டு வடிவாக இல்லை. சாம்பல் நிறத்தில் தழும்பு மாதிரி இருக்கிறது. அதன்மேல் பெயின்ற் அடிக்க அப்பா விடவில்லை, அடித்தால் வெடிப்பு மறுபடி ஓடுகிறதா என்று தெரியாது. ஒவ்வொரு வசந்தத்திலும் எண்ணெய் மாற்றும்போது அந்த இடத்தில் மண்ணெண்ணெய் பூசி வெண்கட்டித் தூள் தூவுகிறோம். இதுவரை கோடு வரவில்லை. பாவித்த மூடியின் விலையையும் வருடா வருடம் பார்த்து வைக்கிறேன், கொஞ்சம் ஏறியிருக்கிறது.