ஐந்தாம் கம்பி

திங்கள், இரவு

நாலு கம்பி பேஸ் கிட்டாரைக் கொடுத்து, மேலே காசு போட்டு, ஐந்து கம்பியோடு கஹவத்தைக்கு வந்து சேர்ந்தேன். 1951இல் லியோ பெண்டரின் பிரிசிஷன் பேஸ் வந்ததிலிருந்து உலகம் பழகியது இ, ஏ, டி, ஜி என்ற நாலுதான். அதற்கும் கீழே ஒரு பி இப்போது. என் இ கம்பியின் தடிப்பு 0.105 அங்குலம், இது 0.130. கழுத்தும் அகலம், சுண்டுவிரல் எட்டிப் பிடிக்க மணிக்கட்டை இன்னும் வளைக்க வேண்டியிருக்கிறது.

புதன்

இன்று முழுக்க வலது கட்டைவிரலுக்கே பாடம். ஏ கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் வாசித்தாலே, தொடாத பி கம்பி தானாக முனகுகிறது. இரண்டும் ஒரே சுரம், ஒரு ஸ்தாயிதான் வித்தியாசம். கட்டைவிரலைப் பிக்கப்பில் ஊன்றி வைக்கும் பழைய பழக்கம் இனி உதவாது. கை ஜி பக்கம் போகும்போது கட்டைவிரலும் கூடவே இறங்கி, இ கம்பியில் சாய்ந்தபடி பியையும் அடக்க வேண்டும். வாசிப்பதில் பாதி வேலை இந்த அடக்குவதுதான் என்று தோன்றுகிறது.

சனி, ஒத்திகை முடிந்து

எங்கள் பாடகர் மூன்று கட்டையில் தொடங்குவார். திருவிழா மேடையில் நள்ளிரவு தாண்டினால் தொண்டை தளர்ந்துவிடும். "அண்ணே, ரெண்டு கட்டைக்கு இறக்கிருவோமா?" என்பார். மூன்று கட்டை இ, இரண்டு கட்டை டி. நாலு கம்பியில் இ-தான் அடிமட்டம். அதற்குக் கீழே டி இல்லாததால் ஒரு ஸ்தாயி மேலே தாவித்தான் வாசிப்பேன். குரல் இறங்க, பாட்டின் அடித்தளம் மேலே ஏறிவிடும். எத்தனையோ இரவு அது என் காதில் உறுத்தியிருக்கிறது. இ கம்பியையே டிக்குத் தளர்த்தலாம். அறிவிப்பாளர் பேசி முடிப்பதற்குள் அதைச் செய்துவிட்டு, மாறிப்போன ஃப்ரெட்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இன்று பி கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் விரலை வைத்தேன். டி அங்கேயே இருந்தது. பாடகர் இறங்கினார், நானும் கூடவே இறங்கினேன். டிரம்ஸ் தம்பி தலையைத் தூக்கிப் பார்த்தான்.

இந்தக் கம்பி ஒன்றும் புதிதல்ல. பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சன் 1975இலேயே கீழே பியும் மேலே சியுமாக ஆறு கம்பி பேஸ் செய்வித்தார். இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் இந்தக் கருவிக்கே வந்தேன். பேஸ் சும்மா தாளத்துக்குத் துணை போவதில்லை, பாடுகிறவரோடு பேசுகிறது என்று அங்கேதான் புரிந்தது. அந்தப் பேச்சு பாதியில் அறுந்துபோகாமல் இருக்கத்தான் எனக்கு இந்தக் கம்பி.

ஞாயிறு

திறந்த பி 31 ஹெர்ட்ஸ், இ 41. தோட்டத்துத் திருவிழாவுக்கு வரும் ஸ்பீக்கர் பெட்டிகள் பலவற்றில் 31 சரியாக வராது. ஆனாலும் 62, 93 என்று மேலே வரும் அதிர்வுகளைக் கொண்டே காது அந்தச் சுரத்தை உணர்ந்துகொள்கிறது. அதனால் டோனை முழுதாக மூடாமல் கொஞ்சம் திறந்து வைக்கிறேன்.

அடுத்த வாரம் பெல்மதுளையில் கலியாண வீடு. பைலா கேட்பார்கள். அந்த ஆறு-எட்டுத் தாளத்தின் வேகத்தில் தடித்த கம்பி தெளிவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். பைலா முழுக்க ஏ, டி கம்பிகளில்தான். தமிழ்ப் பாட்டு வந்து, பாடகர் திரும்பி என்னைப் பார்த்தால் மட்டும் பி.