திருவிடந்தைக்கு ஒரு பாக்கி

கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் நானும் அவரும் மட்டுமாக எங்கேயும் போனதில்லை என்றால் நம்புவீர்களா? திருப்பதி போனோம், மாமியாரோடு. ஊட்டி போனோம், மச்சினர் குடும்பத்தோடு. குழந்தைகளுக்கு ஜன்னலோரம், மாமியாருக்குக் கீழ் பெர்த், எனக்குப் புளியோதரை மூட்டை!

போன தை மாசம் பரண் சுத்தம் பண்ணும்போது ஒரு மஞ்சள் பை கிடைத்தது. உள்ளே நாரும் சருகுமாக ஒரு மாலை. கல்யாணத்துக்கு முன் அம்மா என்னைத் திருவிடந்தைக்கு அழைத்துப் போனது ஞாபகம் வந்தது. வரன் தள்ளிப் போகிறவர்கள் நித்யகல்யாணப் பெருமாளுக்கு மாலை சாத்தி, பிரசாதமாகக் கிடைக்கும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று வருவார்கள். கல்யாணம் ஆனதும் அந்தப் பழைய மாலையோடு தம்பதியாக வந்து சேவிக்கணும். நான் போகவே இல்லை. முதல் வருஷம் மசக்கை. அப்புறம் மாமியார் படுக்கையில் விழுந்தார்...

"ஏன் எங்கிட்ட சொல்லலே?" என்றார்.

"நீங்க எப்ப கேட்டீங்க?" என்றேன்.

அடுத்த சனிக்கிழமையே கிளம்பிவிட்டோம். "ரெண்டு பேர்தானே, சுத்திக்கிட்டுப் போவோம்" என்று அவர்தான் செங்கல்பட்டு வழியைச் சொன்னார். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். செங்கல்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரி தண்டவாளத்தை ஒட்டியே வருகிறது. எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

அங்கிருந்து பஸ்ஸில் திருக்கழுக்குன்றம். சின்ன வயசில் அந்த மலையில் உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் ஜோடியாக வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியோடு அவை வருவது நின்றுவிட்டது. வேதகிரீஸ்வரரையாவது தரிசிக்கலாம் என்று ஏறினோம். ஐந்நூறுக்கு மேல் படிகள். நூறு படிகூட ஏறியிருக்க மாட்டோம், அவர் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான்" என்றார் மெதுவாக.

எனக்குப் பகீரென்றது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், எனக்குத் தெரியாது! அங்கே அவருக்கு டி.வி., பேப்பர், எனக்கு அடுப்படி. மாடிக்குத் துணி உலர்த்தப் போவதும் நான்தானே! கூட்டமாக வந்திருந்தால், "நீங்க ஏறுங்க, நான் கீழே செருப்பைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லி மறைத்திருப்பார். இரண்டே பேர் போகிறபோது ஒளிய இடமில்லை. போதும் என்று மெல்ல இறங்கினோம். ஒரு மணி நேரம் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்ததும் தெளிந்துவிட்டார்.

மாமல்லபுரத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நின்று பார்த்தோம். அர்ச்சுனன் தபசு என்கிற அந்தப் பெரிய பாறை சுமார் 27 மீட்டர் நீளம், 9 மீட்டர் உயரம். தேவர்களும் யானைகளுமாக நிறைந்திருக்கிறது. எனக்குப் பிடித்ததோ அதன் எதிரே தனிக்கல்லில் இருக்கும் குரங்குக் குடும்பம். தாய் குட்டிக்குப் பால் கொடுக்க, ஆண் குரங்கு அதன் தலையில் பேன் பார்க்கிறது. "பாருங்க, குரங்குக்குக்கூட நேரம் இருந்திருக்கு!" என்றேன். சிரித்துவிட்டார்.

கடற்கரைச் சாலையில் வடக்கே திருவிடந்தை. காலவ ரிஷியின் 360 பெண்களை நாளுக்கு ஒருத்தியாகப் பெருமாள் மணந்து, கடைசியில் எல்லோரையும் ஒருத்தியாக்கி இடப் பக்கம் வைத்துக்கொண்டார் என்பது தலபுராணம். மாலையும் கழுத்துமாகச் சுற்றி வந்த இளசுகளுக்கு நடுவே நாங்கள் நரைத்த ஜோடி. சருகு மாலையைக் கோயிலில் சேர்த்தோம். "லேட்டா வந்துட்டோம்" என்று அவர் சந்நிதியிலேயே உரக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். "படியில உட்கார்ந்த அன்னிக்கே நேரா ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாமாம்மா?" என்று எனக்குத்தான் திட்டு. நியாயம்தான். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. இப்போது மாத்திரை, உப்பு குறைத்த சாப்பாடு, டாக்டர் சொன்ன அளவுக்கு நடை. சாயங்காலம் நானும் கூடவே நடக்கிறேன். "மலை பாக்கியிருக்கு" என்கிறார் தினமும். டாக்டர் சரி என்று சொல்லட்டும் என்றிருக்கிறேன்.