பழைய மேசைக்குப் புதிய உத்தியோகம்

வீட்டைப் புதுப்பிக்க முற்படுகிற எந்தக் குடும்பத்திலும், பூர்விகமாக வந்த மரச்சாமான்களை என்ன செய்வது என்கிற கேள்வி ஒரு கட்டத்தில் எழத்தான் செய்கிறது. கூடத்தில் வைத்தால் இடத்தை அடைக்கின்றன, விற்கலாமென்றால் மனம் ஒப்புவதில்லை, தொழுவத்தில் போட்டால் கரையானுக்கு இரையாகின்றன. மீன்சுருட்டியில் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியை எழுப்பியது, பாட்டனாரின் மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை பேரேடு எழுதிய ஒரு தேக்கு மேசை. ஐந்தடி நீளம், இரண்டரையடி அகலம், ஒரு பக்கம் மூன்று இழுப்பறைகள். கடையை மூடிய பிறகு அதற்கு வேலையில்லாமல் போயிற்று; வேலையற்றுப் போன பொருளுக்கு வீட்டில் மரியாதையும் படிப்படியாகக் குறைந்துவிடுவது உலக இயல்பு.

அதைச் சமையற்கட்டின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தலாமென்ற யோசனை என் மனைவியினுடையது. மேல்நாட்டு வீடுகளில் ‘கிச்சன் ஐலண்ட்’ என்று வழங்கும் அமைப்பு அது என்றாலும், அதன் அடியிலுள்ள சுகம் நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் தரையில் அமர்ந்து சமைத்த காலத்தில், கீரை ஆய்வதும் காய் நறுக்குவதும் அரிசி புடைப்பதும் நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஊர்க்கதை பேசியபடியே நடந்த காரியங்கள். 1926இல் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரேத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் கட்டடக் கலைஞர், அலமாரியும் மேடையும் சுவரோடு இணைந்த சிறிய சமையலறை ஒன்றை வகுத்தார். ஒருத்தியே அதிகம் நடக்காமல் எல்லா வேலையையும் முடிக்கலாம் என்பது அதன் நோக்கம். அம்மாதிரி அமைப்புகள் உலகெங்கும் பரவி, நம் ஊர்களிலும் சுவரோர மேடை நிலைத்துவிட்டது. குனிந்து நிமிரும் சிரமம் அதனால் தீர்ந்தது வாஸ்தவமே. ஆனால் சமைக்கிறவள் வீட்டுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நிற்கும்படி ஆயிற்று. நடுவில் ஒரு மேசை இருந்தால், நின்றபடியே வேலை செய்யும் சௌகரியமும் போகாது, முகம் பார்த்துப் பேசும் பழைய சுகமும் திரும்பக் கிடைக்கும்.

மேசையை உயர்த்தித் தரவேண்டுமென்று ஊர்த் தச்சரை அழைத்திருந்தோம். அவர் அதைக் கவிழ்த்து வைத்து, கால்களும் சட்டங்களும் சேருமிடங்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஓர் இரும்பாணிகூட இல்லாமல், நாக்கும் துளையுமாகப் பொருத்தி, குறுக்கே மூங்கில் முளை இறக்கியிருந்தார்கள். “ஐயா, இதை மட்டும் அறுக்கச் சொல்லாதீங்க, பிரிச்சா இந்தப் பிடிப்பு மறுபடி வராது” என்றார். எனவே மேசையில் வாள் படவே இல்லை. நாலு கால்களுக்கும் அடியில் மூன்று அங்குலக் கல் வைத்து, மேலே ஓர் அங்குலக் கடப்பைக்கல்லைப் பரப்பினோம். முப்பது அங்குல மேசை முப்பத்துநாலு அங்குலமாகி, நின்று வேலை செய்கிறவளின் இடுப்புக்குச் சரியாக வந்தது. கல்லினால் இன்னொரு நன்மையும் உண்டு. பழைய வீடுகளில் மரத்தூண்களைக் கல்லின்மேல் நிறுத்தியதும் அதற்காகத்தான்: தரையின் ஈரம் மரத்தில் ஏறக்கூடாது.

தச்சர் சொன்ன அந்த வார்த்தையின் அருமை, கங்கைகொண்ட சோழபுரத்தின் அண்டையில் வாழ்கிறவர்களுக்கு நன்றாக விளங்கும். ராஜேந்திர சோழன் எழுப்பிய பெருங்கோயிலின் மதிற்சுவரை, 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அணையினால் விளைந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. வடவாறு வழியே வீராணம் ஏரிக்கு நீர் போகிறது, அதை நம்பிப் பல கிராமங்கள் பயிர் செய்கின்றன. ஆயினும் போன மதில் போனதுதான். கல்லுக்குப் புதிய பிரயோஜனம் கிடைத்தது. அந்தக் கல்லை அடுக்கிய கைகளின் வேலைப்பாடு அழிந்தது. பழையதைப் பயன்படுத்துவது வேறு, அதன் உருவைக் குலைப்பது வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் எங்கள் பக்கத்தில் இல்லை.

இந்தக் காரியத்தில் இறங்குகிறவர்கள் கவனிக்கவேண்டிய விஷயங்கள் சில உண்டு. பழைய சாமான்களில் பெயிண்ட் பூசியிருந்தால் உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. வீட்டு பெயிண்ட்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாதென்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சுகளில் ஈயம் மிகுந்திருக்கலாம்; அந்தத் தூசு குழந்தைகளுக்கு விஷம். நனைத்துத் தேய்ப்பதே உசிதம். மரத்துக்கு எண்ணெய் கொடுப்பதானால், மருந்து கலவாத ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகிவிடும். தேங்காயெண்ணெய் இறுகாமல் பிசுக்குப் பிடிக்கும். கடப்பைக்கல்லை ஆணியடித்துப் பிணைக்கவேண்டிய அவசியமில்லை. தன் பாரத்தாலேயே அசையாமல் கிடக்கும், நாளை எவரேனும் அதை எடுத்துவிட்டு மேசையை மேசையாகவே வைத்துக்கொள்ள விரும்பினால் தடையும் இராது.

இப்போது பேரேடு இருந்த இழுப்பறையில் அஞ்சறைப்பெட்டி இருக்கிறது. அதன் அடிப்பலகையில் ஊறிய நீல மைக்கறையை நாங்கள் தேய்த்துப் போக்கவில்லை. மாலையில் ஒரு புறம் மருமகள் மாவு பிசைய, மறுபுறம் பேரன் வீட்டுப்பாடம் எழுத, என் மனைவி இருவரோடும் பேசிக்கொண்டே பட்டாணி உரிக்கிறாள். பாட்டனார் காலத்து மேசைக்கு இதைவிடக் கௌரவமான உத்தியோகம் கிடைக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய மேசையோ பெட்டகமோ வேலையற்று மூலையில் நிற்கலாம். அதை விலை பேசுமுன், நல்ல தச்சர் ஒருவரை அழைத்துக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மரம் திடமாயிருந்தால் அறுக்காதீர்கள், விற்காதீர்கள், வேலை கொடுங்கள்.