கானின் ஆண்டுகளும் எமது மாசி மாதமும்

தொலைக்காட்சியில் பிழை பிடிப்பது எமது வீட்டின் குடும்பப் பொழுதுபோக்கு. இதனைத் தொடக்கி வைத்தவன் மகன். 1996ஆம் ஆண்டு தாயாருடன் ரொறன்ரோ வந்து சேர்ந்தபோது அவனுக்கு எட்டு வயது. தகப்பன் என்று சொல்லப்பட்ட மனிதரோடு பேசுவதற்கு அவனிடம் அதிகம் எதுவும் இருக்கவில்லை. ஆங்கிலம் கைவந்த பின்னர், பனிக்கால இரவுகளில் மறு ஒளிபரப்பாகிய 'ஸ்ரார் ட்ரெக்' தொடரே எம் இருவருக்கும் பொதுவான முதற் பேச்சாயிற்று.

அவன் முதன்முதலிற் பிழை கண்டுபிடித்தது 'ஸ்பேஸ் சீட்' என்னும் அத்தியாயத்தில். 1967 பெப்ரவரி 16 அன்று அமெரிக்காவில் முதலில் ஒளிபரப்பாகியது அது. விண்வெளியில் அநாதையாய் மிதக்கும் ஒரு பழைய கப்பலைக் கப்ரன் கேர்க் காண்கிறார். உள்ளே உறைநிலைத் துயிலில் மனிதர் கிடக்கின்றனர். அவர்களின் தலைவன் கான் நூனியன் சிங். மனித இனத்தை மேம்படுத்துகிறோம் என்று விஞ்ஞானிகள் உருவாக்கிய மாமனிதருள் ஒருவன். 1992 முதல் 1996 வரை ஆசியாவிலிருந்து மத்திய கிழக்கு வரை உலகின் காற்பங்குக்கு மேல் ஆண்டவன் என்றும், தோற்றபின் கப்பலேறித் தப்பியவன் என்றும் கதை கூறுகிறது. கப்பலின் பெயர் 'பொட்டனி பே'. அவுஸ்திரேலியாவுக்குக் கைதிகளை நாடுகடத்திய காலத்தோடு இணைந்த பெயர் அது.

மகன் நிமிர்ந்து எம்மைப் பார்த்தான். "அப்பா, இது பொய். தொண்ணூற்றாறிலை நாங்கள் வந்தனாங்கள். அப்ப ஒரு கப்பலும் போகேல்லை."

அவன் சொன்னது சரி. 1967இல் எழுதியவர்களுக்கு 1990கள் எட்டாத தூரத்தில் இருந்தன. விரும்பியதை அங்கே போட்டு வைத்தார்கள். நாமோ அந்த ஆண்டுகளுக்குள்ளேயே நடந்து வந்தவர்கள். ஆசியாவில் கானின் ஆட்சியென்றால் யாழ்ப்பாணமும் அதற்குள் அடங்கும். அப்படியாயின், நாம் யாருக்கு அஞ்சி ஓடிவந்தோம் என்பதை எமது அகதிப் படிவத்தில் மாற்றியல்லவா எழுதியிருக்க வேண்டும்!

அன்றிலிருந்து அவன் ஒரு கொப்பியில் பிழைகளைக் குறிக்கலானான். கான் வட இந்தியச் சீக்கியனாக இருக்கலாம் என்று கப்பலின் வரலாற்று ஆய்வாளர் கூறுகிறார். ஆனால் திரையில் தலைப்பாகையும் இல்லை, தாடியும் இல்லை. நடித்தவர் மெக்சிக்கோவிற் பிறந்த றிக்கார்டோ மொன்ரல்பான். தூங்கிய காலம் இரண்டு நூற்றாண்டு என்கிறார் கேர்க். கேர்க்கின் பயணம் 2260களில் நிகழ்வதாகப் பின்னாளில் நிலைநாட்டப்பட்டது. 1996இலிருந்து எண்ணினால் 270 ஆண்டுகள் வரும். எழுபது ஆண்டுகளை ஒருவரும் தேடவில்லை.

ஆனாலும் அவனுக்கு மிகப் பிடித்த பிழை வேறு. 1982இல் வெளிவந்த 'த றாத் ஒஃப் கான்' திரைப்படத்தில், பதினைந்து ஆண்டுகளின் பின் கான் மீண்டும் வருகிறான். என்ரர்பிறைஸ் கப்பலிற் பணிபுரிந்த செக்கோவைக் கண்டதும், முகங்களைத் தான் மறப்பதில்லை என்று கூறிப் பெயர் சொல்லியழைக்கிறான். எப்படி அறிவான்? செக்கோவாக நடித்த வோல்ரர் கேனிக் தொடரிற் சேர்ந்ததே இரண்டாம் பருவத்தில், 1967 செப்ரெம்பரில். பெப்ரவரி அத்தியாயத்தில் அவரது நிழல்கூட இல்லை. அபிமானிகள் இதற்கும் வழி கண்டார்கள். செக்கோவ் தோன்றும் 'கற்ஸ்போ' அத்தியாயத்தின் விண்நாள் 3018.2. கானின் அத்தியாயத்துக்கோ 3141.9. ஆகவே செக்கோவ் முன்னரே கப்பலில் இருந்தான், எம் கண்ணிற் படவில்லை, அவ்வளவே. கேனிக்கோ, கழிப்பறையில் நெடுநேரம் இருந்து கானை வெளியே காக்க வைத்தவன் செக்கோவ்தான், அதனால்தான் அந்த முகம் கானுக்கு மறக்கவில்லை என்று வேடிக்கையாகக் கூறிவந்தார். இதைக் கேட்டு மகன் தரையிற் புரண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்ததை நாம் அன்றுதான் முதலிற் கண்டோம்.

சிரித்து முடித்து ஒன்று சொன்னான்: "ஒரு திகதி பிழைச்சால் என்னப்பா? கதை நல்லம்தானே."

நாம் பதில் சொல்லவில்லை.

1993 மார்ச் 12 இரவு கிளாலிக் கடல்நீரேரியை வள்ளத்திற் கடந்தோம். படிவத்தில் அவ்வாறே எழுதினோம். விசாரணை அறையில் வாய்மொழியாகக் கேட்டபோது, "மாசிக் கடைசி" என்று கூறினோம். பஞ்சாங்கப்படி அது சரி. மாசி மார்ச் நடுப்பகுதி வரை நீளும். ஆனால் எம்மவர் பேச்சில் மாசி என்றால் பெப்ரவரி. மொழிபெயர்ப்பாளர் 'பெப்ரவரி இறுதி' என்றார். அவரைக் குறைகூற மாட்டோம். அவரிடத்தில் நாம் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். எதிரே இருந்தவர் இரு திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கீழே கோடு இழுத்தார். அந்தப் பேனையின் ஓசை இன்றும் காதில் இருக்கிறது. எமக்காக ஒரு விண்நாள் கணக்கைக் கண்டுபிடித்துத் தர அங்கே அபிமானிகள் எவரும் இருக்கவில்லை. மறு விசாரணைக்குப் பதினொரு மாதம் சென்றது. அதன் பின்னரே குடும்பத்தை அழைக்கும் மனு. அத்தனை காலமும் மனைவியும் மகனும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில், பொலிஸ் பதிவுத் துண்டோடு இருந்தார்கள். அப்பா ஏன் கூப்பிடவில்லை என்று மகன் கேட்டுக்கொண்டே இருந்தானாம். நாம் அவனிடம் காரணம் கூறியதில்லை. ஒரு மாதப் பெயரால் வந்த வினை என்று ஒரு பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

2023 ஜூன் இறுதியில், மகன் தொலைபேசியில் அழைத்து, வீட்டுக்கு வருகிறேன், ஓர் அத்தியாயம் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றான். 'ஸ்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரின் இரண்டாம் பருவத்தில் வந்தது அது. கானின் வழித்தோன்றலான லான் என்ற பெண், கேர்க்குடன் காலம் கடந்து எமது ரொறன்ரோவில் வந்து விழுகிறாள்! வேறு நகரங்களாக வேடம் போட்டுப் பழகிய ரொறன்ரோ, இதில் ரொறன்ரோவாகவே நடித்தது. கேர்க் அதனை நியூயோர்க் என்று நினைக்கிறார். ஒன்ராறியோ ஏரிக்குக் குறுக்கே ஒரு பெரும் பாலம் வெடித்துச் சிதறுகிறது. அப்படியொரு பாலம் இங்கே எங்கும் கிடையாது. கையில் ஒரு கடவுச்சீட்டும் இல்லாத இருவரும் வெர்மொன்ற் வரை மோட்டார் வண்டியிற் போகிறார்கள். அதைப் பார்த்து எமது மனைவி பெருமூச்சு விட்டார்.

சிறுவன் கான் இந்த நகரத்திலேயே வளர்கிறான். இதெல்லாம் 1992இல் நடந்திருக்க வேண்டும், காலப் பயணிகள் குழப்பியதால் தள்ளிப்போயிற்று, நான் இங்கே முப்பது ஆண்டு காத்துக் கிடக்கிறேன் என்று அவனைக் கொல்ல வந்தவள் புலம்புகிறாள். ஐம்பத்தாறு ஆண்டுப் பிழைக்கு ஒரே வசனத்தில் விளக்கம்.

"எழுதினவைக்கு வழி கிடைச்சிட்டுது, அப்பா" என்றான் மகன்.

அப்போதுதான் சொன்னோம். மார்ச், மாசி, பெப்ரவரி, பதினொரு மாதம் எல்லாவற்றையும். முப்பத்தைந்து வயது மகன் இடையில் எதுவும் கேட்கவில்லை. பின்பு அந்தப் படிவம் இன்னும் இருக்கிறதா என்றான். அலுமாரியின் மேற்தட்டிலிருந்து பழைய கோவையை எடுத்துக் கொடுத்தோம். விளக்கடியில் வைத்து நெடுநேரம் வாசித்தான்.

"அம்மா, நாங்கள் அப்பாவைக் கடற்கரையிலை விட்டிட்டு வந்தது எந்த மாதம்?"

குசினியிலிருந்து குரல் வந்தது: "மாசி. ஏன், கொப்பர் இப்பவும் மாறிச் சொல்லுறாரே?"

மகன் சிரித்தான். பழைய கொப்பி எங்கே என்று கேட்டான்.